கோல்ஃப் மைதானத்தில் நான் போட்ட குலவை

தம்பி,

நீ போனில் சொன்ன சாமான்களை எல்லாம் வாங்கியாகிவிட்டது. குதிகால் இல்லாத கேன்வாஸ் ஷூவுக்காகக் காரைக்குடியில் நாலு கடை ஏறி இறங்கினேன். சேலைக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து காட்டினால் உன் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். தொப்பி எடுத்தேன், கொண்டையில் இடிக்கிறது, பரவாயில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் உன் பின்னால் நடக்க வேண்டியிருக்கும் என்றாயே, அதற்காக ஒரு மாதமாக நானும் அப்பாவும் காலையில் எழுந்து அமராவதிபுதூர் முக்கிலிருந்து காரைக்குடி ரோட்டிலே போய்த் திரும்பி வருகிறோம். முழங்கால் தாங்குகிறது. கண்ணாடி வளையல் வேண்டாம், சத்தம் கேட்கும் என்று நீ சொன்னதற்குத்தான் இரண்டு நாள் மனசு ஒப்பவில்லை. வெறுங்கையோடு எப்படிப் பிள்ளை விளையாடுவதைப் பார்க்கப் போவது? உன் அப்பாதான் வழி சொன்னார். "வளையலப் போட்டுக்கிட்டு அதுமேல கைக்குட்டைய இறுக்கிச் சுத்திக்க. பாக்குறவுக கையில அடிபட்டுருக்குனு நெனச்சுக்கிறட்டும்" என்றார். சுற்றிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை.

சாமான் எல்லாம் தயார். நான்தான் தயாராக இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை நினைத்துக் கலங்காதே. நீ போன் பண்ணி, "இந்த வருசம் சென்னையில நடக்குற பெரிய போட்டிக்கு நீங்க ரெண்டு பேரும் வந்துருங்கம்மா, நாலு நாளும் இருங்க" என்று சொன்ன அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு வருஷமாக நீ எத்தனையோ ஊரில் விளையாடிவிட்டாய். ஒரு தடவைகூட வாங்க என்று கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை. பக்கத்து வீடுகளில், "மகன் ஆடுறதப் பாக்கப் போகலையாக்கா?" என்று கேட்பார்கள். அவ்வளவு தூரம் வெயிலில் நடக்க முடியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையில் நீ கூப்பிடாமல் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. கூப்பிட்டதும் அந்த நிம்மதி போய்விட்டது.

உனக்கு ஏன் என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். நிதானமாகப் படி, இடையில் போனை எடுத்து என்னைக் கூப்பிட்டுவிடாதே.

என்னைப் பற்றி நீ எப்போதும் ஒரு கதை சொல்லுவாய். உன் கூட்டாளிகளிடமெல்லாம் சொல்லியிருக்கிறாய். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்த பள்ளிக்கூடத்தில்தான் நீ எட்டாவது வரை படித்தாய். முட்டை போடுகிற நாளில் உன்னை வரிசையில் கடைசியில் நிற்கச் சொல்லுவேன். வேக வைக்கும்போது எப்படியும் இரண்டு மூன்று முட்டை உடைந்துவிடும். அந்த உடைந்த முட்டை எப்போதும் உன் தட்டுக்குத்தான் வரும். ஒரு நாள் நீ தட்டை வைத்துக்கொண்டு, "எனக்கு மட்டும் எப்பவும் ஒடஞ்சதுதானா?" என்று அழுதாய். "அம்மா கையிலதானடா கரண்டி இருக்கு, அதுனால ஒனக்கு ஒடஞ்சதுதான்" என்று நான் சொன்னேனாம். நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நீ அதைப் பெருமையாகச் சொல்லும்போது நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு கேட்டிருக்கிறேன். என் அம்மா நியாயக்காரி என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

என்னுடைய குலவையும் உனக்குத் தெரியும். நம் பக்கத்தில் குலவை இல்லாமல் எந்த நல்ல காரியம் நடக்கிறது? முளைப்பாரி தூக்கும்போது, தாலி கட்டும்போது, காப்புக் கட்டும்போது, சாமி புறப்படும்போது, பத்துப் பெண்கள் வட்டமாக நின்று நாக்கைச் சுழற்றினால்தான் காரியம் முழுசாகும். ஒக்கூரில் நான் பிறந்த தெருவில் என் குரலுக்குத்தான் முதல் இடம். இங்கே வாழ வந்த பிறகும் அப்படித்தான். "அக்கா, நீங்க எடுத்துக் குடுங்க" என்பார்கள். நான் எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். உன் அப்பா புதுவயலில் மில்லுக்குள் பாய்லர் பக்கம் நின்று பேசிப் பழகியவர், அவர் தொண்டையே ஒலிபெருக்கி. அவரே, "ஒன் குலவைக்கு நம்ம மில்லு சங்கு தோத்துரும்" என்பார். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

குலவை எப்படி வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. அதை யோசித்துப் போடுகிறவர்கள் கிடையாது. முளைப்பாரியைத் தலைக்குத் தூக்கும்போதே நாக்கு தானாகச் சுழலும். தாலி மூன்றாவது முடிச்சு விழும்போதே வந்துவிடும். முடிச்சு விழுந்து, அப்புறம் ஒரு மூச்சு இழுத்து, அதற்கப்புறம் யாரும் போட மாட்டார்கள். தும்மலை நிறுத்தி வைத்துத் தும்ம முடியுமா? அதுபோலத்தான்.

இப்போது எட்டு வருஷத்துக்கு முந்தைய அந்த நாளுக்கு வருகிறேன். நீ தொழில்முறை ஆட்டக்காரன் என்று சீட்டு வாங்குவதற்கான தகுதிப் போட்டி. எட்டாவதுக்கு மேல், கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிற வேலை பார்த்த உன் மாமா வீட்டில் தங்கித்தான் நீ படித்தாய், அந்தப் புல்லிலேயேதான் ஆட்டமும் படித்தாய். உன்னோடு சேர்ந்து அதே புல்லில் படித்தவன் பிரபு. பரமக்குடிப் பக்கத்துப் பிள்ளை, அவன் அப்பாவும் அங்கே மாமாவோடு வேலை பார்த்தவர். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பையிலிருந்து மட்டையை எடுத்து மாற்றி மாற்றி விளையாடினீர்கள். தகுதிப் போட்டியின் கடைசி நாள் நானும் அப்பாவும் வந்தோம். எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை. வாசலிலேயே ஒரு தம்பி எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். ஆடுகிறவர் பந்து முன்னால் போய் நின்றுவிட்டால் நகரக் கூடாது, பேசக் கூடாது, இருமல் வந்தால் தள்ளிப் போய்விட வேண்டும், அட்டையைத் தூக்கிக் காட்டினால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. நான் தலையாட்டினேன். எனக்கு நன்றாகப் புரிந்தது தம்பி. இதை நீ குறித்துக்கொள். எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. பதினேழாவது குழிக்கு நீ வந்தபோது மாமா என் பக்கத்தில் வந்து நின்று காதுக்குள் சொன்னார். "கடைசி ஒரு எடம்தான் மிச்சம் இருக்கும் போலக்கா. நம்ம பயலும் பிரபுவும் சமமா நிக்கிறாங்க." நீ குழியைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பிரபு உனக்கு முந்தின கூட்டத்தில் இருந்தான். பதினெட்டாவது குழிக்கு முதல் அடி அடிக்கிற மேடு எனக்கு இடது கைப் பக்கம், நம் வீட்டு வாசலிலிருந்து எதிர் வரிசை வீடு இருக்கிற தூரம்தான். அவன் அங்கே பந்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான். பந்தைத் தொடாமல் இரண்டு தடவை மட்டையை வீசிப் பார்த்தான். அந்தப் பக்கம் ஒருவர் அட்டையைத் தூக்கினார்.

நீ உருட்டினாய். பந்து போனது, போனது, நின்றுவிடும் என்று நினைத்தேன், விழுந்தது. குழிக்குள் விழுந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது. என் நாக்கு சுழல வேண்டிய இடம் அதுதான். நான் போடவில்லை. வாசலில் அந்தத் தம்பி சொன்னது ஞாபகத்துக்கு வந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மூடியபடியே இடது பக்கம் திரும்பினேன். பிரபு மட்டையைப் பின்னால் தூக்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போட்டேன்.

எழுதிவிட்டேன். இந்த இரண்டு வார்த்தையை எழுத எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

வேண்டும் என்றே செய்தாயா என்று நீ கேட்பாய். அந்த நேரத்தில் எனக்குள் வார்த்தையாக எதுவும் ஓடவில்லை. அவன் கெடட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவனைப் பார்த்தேன், அவன் மட்டை மேலே போவதைப் பார்த்தேன், வாயைத் திறந்தேன். சந்தோஷம் பந்து விழும்போதே வந்து போய்விட்டது. அதற்குப் பிறகு வந்தது வேறு. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாததால்தான் இவ்வளவு பயம்.

மற்றது உனக்குத் தெரியும். பிரபு அடித்த பந்து வேலிக்கு வெளியே போனது. ஒரு அடி தண்டம் போட்டு அதே இடத்திலிருந்து மறுபடி அடிக்கச் சொன்னார்கள். போட்டி நடத்துகிற ஆளுகள் என் பக்கம் வேகமாக வந்தார்கள். நீ மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாய். எனக்கு முன்னால் நின்றுகொண்டு, "சார், எங்கம்மா ஊர்லருந்து வந்துருக்காங்க. அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது சார். எங்க ஊர்ல நல்லது நடந்தா இப்படித்தான் பண்ணுவாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பட்டிக்காட்டுப் பொம்பளை மாதிரி முழித்தேன். அந்தப் பார்வையை நான் நடித்தேன். இருபத்தைந்து வருஷம் ரிஜிஸ்டர் எழுதி, ஆய்வுக்கு வருகிற அதிகாரிகளுக்கெல்லாம் பதில் சொன்னவள், அன்றைக்கு எதுவும் தெரியாதவளாகிவிட்டேன். அவர்களும் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நீ சீட்டு வாங்கினாய். பிரபு ஒரே ஒரு அடியில் தவறவிட்டான். ஆட்டம் முடிந்து அவன் நேராக என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. "பரவாயில்லம்மா, மனசுல வச்சுக்கிறாதீக" என்று சொல்லி எனக்கு ஒரு ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். நான் அதை வாங்கிக் குடித்தேன்.

அவன் அதற்குப் பிறகு இரண்டு தடவை முயற்சி செய்தான். அந்தக் கடைசி நாளில் இருந்த ஆட்டம் அவனுக்குத் திரும்ப வரவேயில்லை என்று நீதான் சொன்னாய். அப்புறம் விட்டுவிட்டான். மற்றவர்களுக்கு மட்டைப் பை தூக்கப் போனான். மூன்று வருஷமாக உனக்கே தூக்குகிறான். எந்த இடத்தில் எந்த மட்டை எடுக்க வேண்டும் என்று அவன் சொன்னால்தான் நீ எடுப்பாய் என்று பேட்டியில்கூடச் சொல்லியிருந்தாய். பொங்கலுக்கு உன்னோடு நம் வீட்டுக்கு வந்திருக்கிறான், இரண்டு தடவை. நான் பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டு, தட்டை அவனே கழுவி வைத்துவிட்டுப் போவான். அவன் கிளம்பிப் போன பிறகு எனக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். நீங்கள் எல்லாம் பண்டிகை அலைச்சல் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

இப்போது நீ கூப்பிட்டிருக்கிறாய். அதுவும் எப்படிக் கூப்பிட்டாய்? "பயப்படாதீங்கம்மா, எங்க நிக்கணும், எப்ப நிக்கணும்னு பிரபு கண்ணக் காட்டுவான். அவன மட்டும் பாத்துக்கிட்டு வாங்க" என்றாய். அவனை மட்டும் பார்த்துக்கொண்டு வா என்று என்னிடம் சொல்கிறாய்.

உன் அப்பாவுக்கு இன்றைக்கு மத்தியானம் வரை இது எதுவும் தெரியாது. எனக்குப் பழையபடி வாய் தவறிவிடுமோ என்றுதான் பயம் என்று நினைத்து அவர் பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டார். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கூடத்தில் ஒரு சொம்பைப் படுக்க வைப்பார். அந்தக் கோடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை உருட்டுவார். பழம் சொம்புக்குள் போனால் நான் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் என் முகத்துக்கு நேரே வந்து, "வருதா? வருதா?" என்று சீண்டுவார். முதல் இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் பழம் உருளும்போது எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. "என்னடி, எலுமிச்சம்பழத்துக்குப் போயி இப்படி நடுங்குற?" என்றார். தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

போன வாரம் மாரியம்மன் கோயிலில் முளைப்பாரி. எல்லோரும் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். "எடுத்துக் குடுங்கக்கா" என்றார்கள். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை, காற்று மட்டும் வந்தது. அடுத்தவள் எடுத்தாள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், நான் முளைப்பாரியைப் பிடித்தபடி நின்றேன். வெளியே தெரியாதபடி சமாளித்துவிட்டேன் என்றாலும் உள்ளுக்குள் ஆடிப்போய்விட்டேன். சாமி காரியத்துக்கு வராத சத்தம், உன் மைதானத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது? நான் அங்கே கயிற்றுக்கு வெளியே நிற்பேன். கடைசி நாள் நீ முன்னணியில் இருந்து, உன்னோடு சமமாக இன்னொருத்தன் நின்றால், அவனும் ஒரு அம்மா பெற்ற பிள்ளைதான், அவன் பந்து குழியைப் பார்த்துப் போகும்போது எனக்குள் என்ன கிளம்பும் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை கிளம்பியது. மறுபடி கிளம்பாது என்று யார் கையெழுத்துப் போட முடியும்? கைக்குட்டையை வளையலுக்குச் சுற்றலாம். அதற்கு எதைச் சுற்றுவது?

அதனால் நேற்று மத்தியானம் பிரபுவுக்குப் போன் செய்தேன். உனக்கு முன்னால் அவனுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ அப்போது ஜிம்முக்குப் போயிருந்தாயாம், அவன் மைதானத்தில் இருந்தான்.

"சொல்லுங்கம்மா, ஷூ காலக் கடிக்குதா?" என்றான்.

"இல்லப்பா. ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீ கடைசிக் குழிக்கு அடிக்கையில நான் குலவை போட்டேன்ல, அது தெரியாமப் போட்டது இல்லப்பா."

அந்தப் பக்கம் தூரத்தில் புல் வெட்டுகிற மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது. வைத்துவிட்டானோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"தெரியும்மா" என்றான்.

"என்னப்பா தெரியும்?"

"அவன் பந்து குழிக்குள்ள விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்பறந்தான் நான் கையத் தூக்குனேன். நீங்க சந்தோசத்துல போட்டுருந்தா பந்து விழுகையிலயே போட்டுருப்பீக. எங்க ஆத்தாளும் குலவை போடுறவகதான், எனக்குத் தெரியாதா? நீங்க என்னயப் பாத்துட்டுத்தான் போட்டீக."

அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "எட்டு வருசமா ஏன்ப்பா யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"யாருகிட்டச் சொல்ல? அவன்கிட்டயா? அவன் அம்மாவப் பத்தி அவன்கிட்டயே நான் எப்படிம்மா சொல்லுவேன்?" என்றான். அப்புறம், "கோவம் இருந்துச்சும்மா. இப்ப இல்லனு பொய் சொல்லமாட்டேன்" என்றான்.

அப்படியானால் நான் வரவில்லை என்று சொன்னேன். காய்ச்சல் என்று உன்னிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்கு அவனுக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அது வேணாம்மா. வாரதுனா அவன்கிட்டச் சொல்லிட்டு வாங்க. நாலு நாளும் நீங்க கயித்துக்கு வெளிய நிப்பீக, அவன் உள்ள நிப்பான், நடுவுல நான். எனக்கு மட்டும் தெரிஞ்சத வச்சுக்கிட்டு என்னால அங்க பேக் தூக்க முடியாது. இத்தன நாளு நீங்க வரல, தூக்கிட்டேன்."

"இப்பப் போயிச் சொன்னா அவன் ஆட்டம் கெட்டுரும்ப்பா."

"கெடாது. அப்படியே அவனுக்குக் கை நடுங்குனாலும் பக்கத்துல நான்தான நிக்கிறேன்" என்றான்.

அதனால்தான் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, எந்தத் தாயும் எழுதக் கூடாத நேரத்தில், உனக்கு இதை எழுதுகிறேன். உன் தூக்கத்தைக் கெடுக்கிறேன் என்று தெரிகிறது. இந்தக் கடிதத்தால் நீ முதல் இரண்டு நாள் சரியாக ஆடாமல் அதோடு வெளியேறிவிடுவாயோ என்றும் பயமாக இருக்கிறது. இருந்தாலும் இந்த முறையும் உன் ஆட்டம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக அவனை வாய் மூடி நிற்கச் சொன்னால், அன்றைக்குச் செய்ததையே மறுபடி செய்தவளாகிவிடுவேன்.

அம்மாவாக உனக்கு ஒன்று சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஒருத்தர் மேல் பாசம் இருக்கிறது என்பதற்காக அவர்களைக் கேட்காமலே அவர்களுக்காகச் சாட்சி சொல்லாதே. அன்றைக்கு நீ ஓடி வந்து என்னைப் பார்த்து, "ஏம்மா போட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ, ஆனால் என் முகம் சொல்லியிருக்கும். நீ கேட்கவில்லை. எனக்குப் பதிலாக நீயே பதில் சொல்லிவிட்டாய். உன் மேல் குற்றம் சொல்லவில்லை, நான்தான் அந்தப் பதிலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும். உன் பிள்ளை மேல் ஒருத்தர் புகார் சொல்லிக்கொண்டு வந்தால், முதலில் பிள்ளையிடம் கேள். கேட்ட பிறகு அவனுக்கு முன்னால் போய் நின்றுகொள்.

இன்றைக்கு அப்பா மில்லிலிருந்து சாப்பிட வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சோற்றில் கையை வைத்தபடி கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அந்தப் பய இது தெரிஞ்சேவா நம்ம வீட்டுல வந்து ரெண்டு பொங்கலுக்கும் சாப்புட்டான்?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டார், பாதிச் சோறு அப்படியே இருந்தது. உனக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டேன். "போன்ல வேணாம். நீ அழுவ. நீ அழுதா அவன் சமாதானம் சொல்ல ஆரம்பிச்சுருவான், சொல்ல வந்தது அதோட போயிரும். எழுது" என்றார். இவ்வளவு சத்தமாகப் பேசுகிற மனுஷன் அதை மெதுவாகச் சொன்னது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. இதைக் கூரியரில் போடுவதற்கு அவரே கொண்டுபோகிறார், வாசலில் நின்றுகொண்டிருக்கிறார்.

ரயிலுக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அப்பா எப்படியும் வருவார். நான் வருவதா வேண்டாமா என்பதைப் பிரபுவோடு உட்கார்ந்து பேசிவிட்டுச் சொல். அவனுக்கு நான் அங்கே நிற்பது சங்கடம் என்றால் அதையே முடிவாக வைத்துக்கொள், எனக்காக அவனிடம் கெஞ்சாதே. நீ மட்டும் யோசித்து முடிவு சொல்லிவிடாதே தம்பி. அம்மாதானே என்று விட்டுவிடுவாய். ஒரு தடவை நீ அப்படி என்னைக் காப்பாற்றியது போதும்.

அம்மா